இரண்டு பேர் நின்ற இடம்

தாழைமங்கலம் கடைத்தெருவில் ஓர் இடத்துக்கு இரண்டு சொந்தக்காரிகள் இருந்தார்கள். காலையில் அது காத்தாயியின் இடம். மாலையில் வள்ளியம்மையின் இடம். நடுப்பகலில் அது எவருக்கும் சொந்தமில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் முழுதாக அங்கே விழுகிற அந்த நேரத்தில், ஒரு செவலை நாய் வந்து உரிமையோடு படுத்துக்கொள்ளும்.

குடவாசலிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்கள் எல்லாம் அந்த மரத்தடியில் நின்றுதான் போகும். மரத்துக்குப் பின்னால், மூடிக்கிடக்கும் ரைஸ்மில்லின் நீண்ட சுவர். சுவரை ஒட்டித் தள்ளுவண்டிகளும் கூடைகளும் சாக்கு விரிப்புகளுமாக ஒரு வரிசை. வெயிலுக்கு ஒரு படுதா, மழைக்கு அதே படுதா என்று அந்த வரிசை பிழைத்துவந்தது.

விடிகிற நேரத்தில் காத்தாயி வந்து இரும்பு அடுப்பில் கருவேல விறகை மூட்டினால், முதல் ஈடு இட்லி வேகுமுன் நடவுக்குப் போகிற பெண்கள் வந்துவிடுவார்கள். சேற்றில் இறங்கும் முன்னால் வயிற்றுக்கு ஏதாவது வேண்டும் என்று நின்றபடியே தின்றுவிட்டு ஓடுவார்கள். அவர்களுக்குப் பின் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள், வாத்தியார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசாளிகள். துணி விரித்த தட்டில் ஊற்றிய இட்லி, கத்தரிக்காய் கொத்சு. ஞாயிற்றுக்கிழமையானால் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கடப்பா. அந்தக் கடப்பாவுக்காகவே வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றவர்கள் உண்டு.

மாவு அரைப்பது வீட்டில் அவள் புருஷன் ரெத்தினத்தின் வேலை. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் அவர். ஒரு மழைநாளில் கால் வழுக்கி மூட்டையோடு விழுந்தார். மூட்டையைத் தூக்கி அடுக்கிவிட்டார்கள். அவரைத்தான் பழையபடி நிமிர்த்த முடியவில்லை. அன்றிலிருந்து கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் அவருமாக ஆகிப்போனார்கள். மகள் எழில்மொழி கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று பேருடைய வாழ்க்கையும் அந்த மரத்தடியில்தான் வெந்துகொண்டிருந்தது.

வள்ளியம்மை அங்கே வந்தது பிற்பாடு. புருஷன் செத்து, ஒரே மகன் மருதையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட சமயம். அவித்த கடலையைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். எங்கே கூடையை இறக்கினாலும் அது யாரோ ஒருவர் இடமாக இருந்தது. ஒரு பிற்பகல், பாத்திரங்களைக் கழுவி மூட்டை கட்டிக்கொண்டிருந்த காத்தாயி, வெயிலில் நின்றவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் இந்த இடம் சும்மாதான் கிடக்கிறது, வந்து போட்டுக்கொள்ளலாம் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கடலைக்கூடை கொஞ்ச நாளில் எண்ணெய்ச் சட்டியாயிற்று. பருப்பு வடை, கீரை வடை, வாழைக்காய் பஜ்ஜி. மாலை பஸ்ஸில் இறங்குகிறவர்களின் மூக்கு முதலில் இறங்கி அந்தப் பக்கம் போகும் என்று பக்கத்துப் பழவண்டி ஃபாஜில் சொல்லிச் சிரிப்பான். கூத்தாநல்லூர்க்காரன், எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாதவன்.

கடைத்தெருவில் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. பேரூராட்சி வண்டி வந்து நின்றாலும், போலீஸ்காரர் லத்தியால் தட்டினாலும், முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: யார் கடை இது? கடைக்காரர் நான்தான் என்று சொன்னால் அபராதம், கட்டாவிட்டால் தராசும் பாத்திரமும் வண்டியில் ஏறும். கடைக்காரர் ஊரில் இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றால், ஏசிவிட்டுப் போய்விடுவார்கள். ஆளில்லாத இடத்தில் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆகவே அங்கே நிற்கிறவர் எவரும் தன் கடையைத் தன் கடை என்று சொன்னதில்லை. ஃபாஜில் தன் மாமா அப்துல் ரஹ்மானைச் சொல்வான். காலையில் கேட்டால் காத்தாயி வள்ளியம்மை பேரைச் சொல்வாள். மாலையில் கேட்டால் வள்ளியம்மை காத்தாயி பேரைச் சொல்வாள். சொல்லிச் சொல்லி, யோசிக்காமலே வாயில் வந்துவிடும் பதிலாக அது ஆகிவிட்டது.

ஆடி மாதம், வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரைத்து ஓடிய ஒரு காலையில், கழுத்தில் அட்டையும் கையில் பெரிய போனுமாக ஒரு பெண் வந்தாள். சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வந்தவள். பழைய சந்தைத் திடலில் அரசாங்கம் கடைகள் கட்டித் தரப்போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நேரம் காத்தாயிக்கு இடுப்பை நிமிர்த்த நேரமில்லை. நடவுப் பெண்கள் பத்துப்பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் ஓர் ஈடு, கையில் ஓர் ஈடு.

“யார் கடைம்மா இது?” என்றாள் அந்தப் பெண்.

காத்தாயி ஏறிட்டுப் பார்த்தாள். அட்டை தெரிந்தது. “வள்ளியம்மை கடைங்க. நான் சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்.”

அந்தப் பெண் அதட்டவில்லை. வள்ளியம்மையின் போன் நம்பர் தெரியுமா என்று பணிவாகக் கேட்டாள். காத்தாயிக்கு மனப்பாடம். சொன்னாள். மரம், அடுப்பு, படுதா எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். காத்தாயி ஒதுங்கி நின்று இடம் விட்டாள்.

வரப்பு நண்டு ஒன்றின் கதை உண்டு. காலடிச் சத்தம் கேட்டால் வளைக்குள் ஆழமாகப் போய்விட வேண்டும் என்பது அது கற்ற பாடம். பிடிக்க வந்த கைகளும், கொத்த வந்த கொக்கும் அந்தப் பாடத்தால் ஏமாந்து போயின. ஒரு கோடையில் வாய்க்காலைத் தூர்வார வந்தவர்கள், பாவம் உயிர்கள் போகட்டும் என்று, இயந்திரத்தை இறக்கும் முன் கம்பால் வரப்பைத் தட்டிக்கொண்டு நடந்தார்கள். மற்றவை ஓடின. நம் நண்டு தட்டும் ஓசையைக் கேட்டது. வழக்கம்போல இன்னும் ஆழத்துக்குப் போனது. அந்த நண்டு முட்டாளில்லை. அன்றுவரை அதை உயிரோடு வைத்திருந்தது அந்த அறிவுதான்.

வள்ளியம்மைக்குப் போன் வந்தது. ஆதார் அட்டையோடு பேரூராட்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். எல்லோரும் போகிறார்களே என்று அவளும் போனாள். போட்டோ எடுத்தார்கள். காத்தாயியை வேறொரு நாள் கூப்பிடுவார்கள் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

புரட்டாசிக் கடைசியில் சமுதாயக் கூடத்தில் அட்டை வழங்கும் விழா நடந்தது. நாற்காலிகள், மாலை, மைக். சந்தைத் திடலில் கட்டிய புதுக் கடைகளுக்குக் குலுக்கலில் எண் எடுத்து, அட்டையோடு கொடுத்தார்கள். வரிசை முழுவதும் புதுப்புடவையும் வெள்ளைச் சட்டையுமாக வந்திருந்தது. ஃபாஜிலின் பேர் வந்தபோது அவன் மேடைக்கே ஓடினான். திரும்பி வந்து காத்தாயியின் காதருகில் சொன்னான்: “நல்லவேளக்கா. அன்னைக்கு நானும் மாமா பேரைத்தான் சொன்னேன். அப்புறம் அந்தப் பொண்ணு கையில இருந்த புதுக்கடை நோட்டீஸப் பாத்துட்டு, தங்கச்சி, தங்கச்சி, அது நான்தாம்மான்னு தெரு முக்கு வரைக்கும் ஓடினேன்.” சிரித்தான். காத்தாயியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவளுக்கு ஏதோ உறைத்தது.

வள்ளியம்மையின் பேரைப் படித்தார்கள். காத்தாயி கைதட்டினாள். அவ்வளவு பேருக்கு நடுவில் ரொம்ப நேரம் கைதட்டியவள் அவள்தான். பிறகு தன் பேருக்காகக் காத்திருந்தாள். மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டி, நாற்காலிகளை மடித்து அடுக்கும் வரையில் காத்திருந்தாள்.

வீட்டில் ரெத்தினம் விஷயத்தைக் கேட்டுவிட்டு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “இத்தினி வருசமா பொய் சொன்னே, ஒருத்தனும் நம்பல. இந்த ஒருக்கா நம்பிட்டான் பாரு” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் முகத்தைக் கிரைண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மரத்தடி வரிசையை வரும் தை மாதத்தோடு எடுத்துவிடுவார்கள், ரோடு அகலமாகப் போகிறது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அட்டை இருந்தால் திடலில் கடை. இல்லையென்றால் எங்கேயும் நிற்க முடியாது. மகள் அறிவிப்பை இரண்டு முறை படித்துக்காட்டினாள். காத்தாயி மறுநாள் மரத்தடியில் இட்லி விற்றுக்கொண்டே வள்ளியம்மைக்காகக் காத்திருந்தாள். வள்ளியம்மை வந்ததும் வராததுமாக, இதற்காகவா மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். மரத்தடியில் எப்படியோ திடலிலும் அப்படித்தான். காலையில் உனக்கு, சாயங்காலம் எனக்கு. அட்டையில் யார் மூஞ்சி இருந்தால் என்ன என்றாள். காத்தாயிக்கு அன்று சாப்பாடு இறங்கியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சம்பா நடவு மூழ்கி, வயலெல்லாம் ஒரே வெள்ளைத் தகடாகக் கிடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் இல்லாததால் இட்லியும் ஓடவில்லை. அப்படி ஒரு மழை மாலையில் வள்ளியம்மை குடையை மடக்கியபடி காத்தாயி வீட்டுக்குள் வந்தாள். கடை போடுகிற நேரத்தில் அவள் வந்ததே புதிது. பாயில் உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். சோழசூடாமணி ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுவிட்டது என்றாள். எழில்மொழி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மருதையன் வந்திருக்கான்” என்றாள் கடைசியில்.

“எப்ப வந்துச்சு? சொல்லவே இல்ல.”

“முந்தாநேத்து. அங்க கம்பெனியில ஆளக் கொறைக்கிறாங்களாம். கடை வந்திருக்குன்னு சொன்னேனா, இங்கயே தொழிலப் பாக்கறேங்கறான். ஒரு பரோட்டா மாஸ்டரையும் பேசி வச்சிருக்கான்.”

“நல்லதுதானே. சாயங்காலம் பரோட்டா நல்லா ஓடும்.”

வள்ளியம்மை காப்பி டம்ளரைத் தரையில் வைத்தாள். “காலையிலயும் அவனே போடணுங்கறான், காத்தாயி. முழுநேரக் கடையாப் போட்டாத்தான் கட்டுபடியாகுமாம்.”

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ரெத்தினம் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

“ஒனக்கு ஒண்ணும் கொறை வைக்கமாட்டான்” என்றாள் வள்ளியம்மை வேகமாக. “காலையில நீயே வந்து இட்லி ஊத்திக் குடு. மாசச் சம்பளமா போட்டுத் தரேங்கறான்.”

“யாரு கடையில யாருக்குச் சம்பளம், வள்ளி?” என்று கேட்டார் ரெத்தினம்.

“அண்ணே, நான் சொல்லலண்ணே. அவன் சொல்றான்.”

காத்தாயி அவளையே பார்த்தாள். “நீ என்னக்கா சொன்னே?”

“நான் என்னடி சொல்றது? ஒத்தப் புள்ள. இத்தினி வருசம் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்கான்.”

“நீ என்ன சொன்னேன்னு கேட்டேன்.”

வள்ளியம்மை முந்தானையால் குடைக்கம்பியைத் துடைத்தாள். அது துடைக்கத் துடைக்க ஈரமாகத்தான் இருந்தது. “ஒண்ணும் சொல்லல” என்றாள்.

அவள் போனபிறகு காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. சம்பளத்துக்குப் போவதில் காத்தாயிக்கு இழிவு ஒன்றும் தெரிந்ததில்லை. பிறந்ததிலிருந்து கூலிக்கு நட்டவள், அறுத்தவள். அவளை அறுத்தது வேறு. வெயிலில் நின்ற ஒருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தபோது, தான் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லையே என்று நினைத்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்ததாக அவள் சொன்னாளே, அந்த ஒன்றும் சொல்லாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

எழில்மொழி மனு எழுதினாள். அந்த இடத்தில் முதலிலிருந்தே கடை வைத்திருப்பது தன் அம்மாதான் என்றும், கணக்கெடுப்பில் பிழை நேர்ந்துவிட்டது என்றும், விசாரித்து உரியவருக்குக் கடையை ஒதுக்க வேண்டும் என்றும் எழுதி, சாட்சிக்குக் கடைத்தெருவில் கையெழுத்து வாங்கப் போனாள். பலர் நழுவினார்கள். ஃபாஜில் மட்டும் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். இதில் கையெழுத்துப் போட்டால் வள்ளியக்கா மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்று கேட்டான். போடாவிட்டால் என் அம்மா மூஞ்சியில் எப்படி முழிப்பீர்கள் என்று அவள் கேட்டாள். போட்டான். அன்று அவன் சிரிக்கவில்லை.

விசாரணை கார்த்திகை முதல் வாரத்தில் பேரூராட்சி அலுவலகத்தில் நடந்தது. செயல் அலுவலர் நாகநாதன் நிதானமான மனுஷர். இரண்டு பெண்களையும் உட்காரச் சொன்னார். இருவரும் உட்காரவில்லை. வள்ளியம்மைக்குப் பின்னால் மருதையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காத்தாயிக்குப் பக்கத்தில் எழில்மொழி.

நாகநாதன் மனுவைப் படித்துவிட்டு, இரண்டு பேருமே அங்கே கடை போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, இதில் யார் சொல்வதும் பொய்யில்லை என்றார். அப்படியானால் இரண்டு பேரையும் போட்டுவிட முடியாதா என்று காத்தாயி கேட்டாள். அதை அவரும் மேலே கேட்டுப் பார்த்துவிட்டாராம். ஓர் இடத்துக்கு ஒரு பேர், ஒரு படம், ஓர் ஆதார். உணவு உரிமமும் அந்தப் பேரில்தான். அந்தப் பேருக்குரியவரே உட்கார்ந்து விற்கவேண்டும். வேறு யாருக்காவது விட்டால் ரத்து. திடலில் இனி இடமும் மிச்சமில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“உங்க தெருவுல வழக்கம் எப்படின்னு எனக்குத் தெரியும்மா. நானே அபராதம் போட வந்து, கடைக்காரன் இல்லன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போனவன்தான். இப்ப நான் அபராதம் போட வரல. ஒரு தடவை கேப்பேன். யோசிச்சுச் சொல்லுங்க. அது யார் இடம்?”

காத்தாயி வாயைத் திறந்தாள். நாக்கு தன் பழைய தடத்தில் போக இழுத்தது. வள்ளியம்மை என்ற பேர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நாற்காலியில் வளைந்து உட்கார்ந்திருக்கும் ரெத்தினத்தை நினைத்தாள். பக்கத்தில் மகளின் மூச்சு கேட்டது. யாரையும் பார்க்காமல், மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

“என் இடங்க.”

மருதையன் பேச ஆரம்பித்தான். அட்டை கொடுத்த பிறகு எப்படிப் பிடுங்குவீர்கள், கணக்கெடுப்பு அன்றைக்கு இந்த அம்மாளே தன் வாயால் சொல்லவில்லையா, கோர்ட்டுக்குப் போவேன் என்றெல்லாம் சொன்னான். நாகநாதன் அவனைப் பொருட்படுத்தாமல் வள்ளியம்மையைப் பார்த்தார்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

சண்டைக்கு வேண்டியதையெல்லாம் காத்தாயி மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். நீ கூடையோடு நின்றது மறந்துபோயிற்றா என்று தொடங்குவதாக இருந்தாள். அதற்கு வேலை வரவில்லை.

“அவ இடந்தாங்க” என்றாள் வள்ளியம்மை. “அவ குடுத்து நின்னவதான் நான்.”

“அம்மா, நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரிஞ்சுதான்டா பேசறேன். அன்னைக்கு வீட்டுல பேசாம இருந்துட்டேன். நீ சும்மா இரு.”

விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். வள்ளியம்மை எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒவ்வோர் எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். புள்ளி வைக்க மறந்து, திரும்ப வந்து வைத்தாள். அந்தப் பேனாவின் ஓசை முழுவதையும் காத்தாயி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பொறுக்கமாட்டாமல், “சார், சாயங்காலத்துல எப்பயும் போல அக்கா வந்து...” என்று தொடங்கினாள்.

நாகநாதன் கையை உயர்த்தினார். “அந்தப் பேச்சு என் காதுல விழவேணாம்மா. விழுந்தா நான் எழுதியாகணும். எழுதினா உங்களுதும் போயிடும்.”

வெளியே தூறல். மருதையன் முன்னால் பைக்கை எடுக்கப் போய்விட்டான். காத்தாயி படியிறங்கி ஓடி வள்ளியம்மையின் கையைப் பிடித்தாள். “நீ சாயங்காலம் வாக்கா. அவர் கெடக்கறார். யாரு வந்து பாக்கப் போறா?”

வள்ளியம்மை கையை உருவிக்கொள்ளவில்லை. “வருவாங்கடி. வந்து, யாரு கடைன்னு கேப்பாங்க. அப்ப நீ என்ன சொல்லுவே? நான் என்ன சொல்லுவேன்?”

காத்தாயி பிடித்த கையை விட்டாள்.

“ஒன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் வள்ளியம்மை. “நீ கேட்டே பாரு, என்ன சொன்னேன்னு. அதுதான் ராத்திரியெல்லாம் காதுல கேக்குது.” மருதையன் ஹாரன் அடித்தான். அவள் போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். குடையை விரிக்க மறந்து, மடியில் வைத்துக்கொண்டே நனைந்துகொண்டு போனாள்.

தை பிறந்து திடலில் கடைகள் திறந்தன. மரத்தடி வரிசையை ஒரே காலையில் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். புதுக் கடைக்கு இரும்புக் கதவு, வழவழப்பான மேடை, திருகினால் தண்ணீர் வருகிற குழாய். சுவரில் காத்தாயியின் படம் போட்ட உரிமம்; படத்தில் அவள் யாரோ திட்டியதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் போல இருந்தாள். விறகுக்கு அனுமதியில்லை என்பதால் கேஸ் அடுப்பு வந்தது. போனில் பணம் செலுத்த கியூஆர் ஒட்டுப்படமும், பணம் வந்தால் உரக்கச் சொல்கிற ஒரு சின்னப் பெட்டியும் பாங்குக்காரர்கள் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். ரெத்தினத்தை ஒருநாள் ஆட்டோவில் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் குழாயைத் திறந்து மூடித் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கடையில் இட்லி கல்லுமாதிரி இருந்தாலும் சனங்கள் தின்பார்கள் என்றார். எழில்மொழியின் கல்லூரிக் கட்டணம் தடையில்லாமல் கட்டப்பட்டது. நடவுப் பெண்களும் வாத்தியார்களும் திடலுக்கு வரப் பழகிவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் கடை பூட்டித்தான் கிடந்தது. ஒருநாள் மாலை காத்தாயி தானே பருப்பு ஊறவைத்து வடை தட்டிப் பார்த்தாள். எண்ணெயின் பதம் பிடிபடவில்லை. வெளியே சிவந்து உள்ளே வேகாமல் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக் கடித்துவிட்டு, வள்ளியக்கா வரவில்லையா என்று கேட்டார்கள். மறுநாள் அவள் பருப்பு ஊறவைக்கவில்லை.

வள்ளியம்மை சம்பா அறுப்புக்குப் போவதாகக் காத்தாயி கேள்விப்பட்டாள். மெஷின் இறங்க முடியாத ஈரவயலில்தான் இப்போது ஆள் கூலிக்கு அறுப்பு. இடுப்பு வளைய நின்று அந்த வேலை பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது அவளுக்கு. இரண்டு தடவை காத்தாயி அவள் வீட்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் பூட்டியிருந்தது. மூன்றாந்தடவை போக நினைத்து, போகவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, கூட்டம் சற்று ஓய்ந்திருந்த வேளை. கடைக்கு முன்னால் ஒரு பெரிய பையும், கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும் வந்து இறங்கின. நிமிர்ந்தால், வள்ளியம்மை. வெயிலில் முகம் கறுத்திருந்தது. விரல்களில் அரிவாள் வெட்டுக்குத் துணி சுற்றியிருந்தாள். பின்னால் மருதையன்.

“திருப்பூருக்குப் போறோம்” என்றாள். “இவனுக்கு வேற கம்பெனியில எடம் கெடச்சிருக்கு. எனக்கும் பனியன்ல நூல் பிசிறு வெட்டற வேலை தராங்களாம். கும்மோணம் பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. பசிக்குது, வை.”

காத்தாயி தட்டை எடுத்து இலையை விரித்தாள். ஆவி பறக்கும் ஈட்டிலிருந்து எடுத்து எடுத்து வைத்தாள். கொத்சுவை ஊற்றினாள். மருதையனுக்கும் வைத்தாள். அவன் தட்டை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய்த் திரும்பி நின்று சாப்பிட்டான். வள்ளியம்மை மேடையருகில் நின்று, மற்ற எல்லோரையும் போலச் சாப்பிட்டாள். கடையின் உட்பக்கத்தை அவள் எட்டிப்பார்க்கவில்லை. காத்தாயி கேட்காமலே இன்னும் இரண்டு வைத்தாள். வள்ளியம்மை கையால் மறைத்துத் தடுத்தாலும், பிறகு அதையும் தின்றாள்.

“ரெத்தினம் அண்ணன் எப்படி இருக்காங்க?”

“இருக்காரு. ஒன்னக் கேட்டுக்கிட்டே இருப்பாரு.”

“பாப்பா?”

“பரீட்சை.”

வள்ளியம்மை குழாயில் கை கழுவினாள். காலையும் மாலையுமாக அந்த மரத்தடியில் கழிந்த அத்தனை வருஷத்திலும், இட்லிக்கு அவளிடம் இவளும், வடைக்கு இவளிடம் அவளும் காசு வாங்கியதில்லை; மீந்ததைப் பொதிந்து கொடுப்பதும் வாங்குவதும் மூச்சு விடுவது போல நடந்தது. மருதையன் போனை எடுத்துக்கொண்டு ஒட்டுப்படத்துக்கு முன்னால் வந்து நின்று, எவ்வளவு என்று கேட்டான்.

“என்ன தம்பி, காசெல்லாம் கேட்டுக்கிட்டு” என்று காத்தாயி கையை நீட்டி அந்தப் படத்தை மறைத்தாள். “எடுத்து உள்ள வை.”

வள்ளியம்மை வந்து, துணி சுற்றிய விரல்களால், அவள் கையை மெதுவாகப் பிடித்து விலக்கினாள். அதில் கோபம் இல்லை.

“வாங்கிக்க, காத்தாயி. கடைன்னா காசு வாங்கணும்.”

விலைப்பலகையைப் பார்த்து மருதையன் தானே கணக்குப் போட்டான். போனில் தட்டினான். மேடைமேலிருந்த சின்னப் பெட்டி ஒரு பெண்ணின் குரலில், நல்ல தமிழில், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வரைக்கும் கேட்கும்படி சொன்னது: “எண்பது ரூபாய் பெறப்பட்டது. நன்றி.”